அக்ரஹாரத்து ஏரியும் மலையேறும் காவிரியும்

2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிதில், எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஒருமுறை போய் வந்தோம். ஒரு நிலையத்தின் பெயரில் கோனப்பன அக்ரஹாரா என்றிருந்ததைப் பார்த்து, "என்ன சம்பந்தி, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு நடுவே அக்ரஹாரமா?" என்று கேட்டார் உடன் வந்தவர். உண்மையில் அக்ரஹாரம்தான் முந்தியது. 1978-இல் கியோனிக்ஸ் என்னும் கர்நாடக அரசு நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் இந்தப் பேட்டையை அமைத்தது.

தஞ்சைப் பக்கம் அக்ரஹாரம் என்றால் ஆற்றங்கரை. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரிலோ வற்றாத ஆறு கிடையாது. ஆகவே ஏரி வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் மிகுதி நீர் கீழுள்ள ஏரிக்குப் போகும். ஏரியால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும். நகரின் கிழக்கே காடுகோடியில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து 1043-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பட்டந்தூர் ஏரியை அமைத்த செய்தியைத் தமிழிலேயே சொல்கிறது. அந்த ஊருக்கும் பின்னாளில் பட்டந்தூர் அக்ரஹாரா என்றே பெயர்.

குழாய் நீருக்கு அடிகோலியவர் நம்மவர் ஒருவர் என்பதை இளைய தலைமுறை அறியாது. பாலக்காட்டைச் சேர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்தபோது, 1894-இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் திட்டம் உருவாயிற்று. அது போதாமல் 1933-இல் திப்பகொண்டனஹள்ளி அணை. பிறகு 1974-இல் காவிரி.

நான் பௌதிகம் படித்தவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்ற, பம்பில் விரயமே இல்லையென்றாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்கள் ஊரில் காவிரி தானாக இறங்கி வந்தாள். இங்கே அவளைத் தூக்கி வருகிறோம்.

2024 மார்ச்சில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த சமயம். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த அந்த வாரங்களில் எல்லோரும் மழைநீரைப் பற்றியே பேசினார்கள். இங்கு ஆண்டு மழை சுமார் 97 சென்டிமீட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது ஏறத்தாழ 97,000 லிட்டர். பாதியைப் பிடித்தாலும் லாபம்தானே? குழாய்களில் காற்றுக் கலப்பான் மாட்டினோம். மாடி நீரை இறக்க இருபதடி ஆழத்தில் ஓர் உறைகிணறும் தோண்டினோம்.

அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். பெரிய சாதனைதான். ஆனால் அன்று மாலையே, "இனி கிணறு எதற்கு மாமா?" என்று சங்கச் செயலாளர் கேட்டுவிட்டார். இரண்டாவது கிணற்றுக்கான என் தீர்மானம் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. இன்னும் நான்கு ஓட்டு குறைகிறது.