உரகாமி வாய் திறந்த ஆண்டுகள்: நாகசாகியின் மறைவுக் கிறிஸ்தவர்களும் விசுவாச அறிக்கையும் (1865–1873)

விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடும் துணிவை ஆராய்பவர்கள் பெரும்பாலும் வேதசாட்சிகளின் கடைசி நிமிடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானின் நாகசாகியை ஒட்டியிருந்த உரகாமி என்ற உழவர் ஊரில் அந்தத் துணிவு ஒரு சாவு வீட்டில் தொடங்கியது. அதற்கு முன்பு அதே ஊர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாய் திறக்காமல் இருந்தது. மௌனம் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளே பின்னர் அறிக்கையிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தத் துணிவின் தன்மை விளங்கும் என்பது என் கருத்து.

1549 ஆகஸ்ட் 15 அன்று கககோஷிமாவில் கரையிறங்கிய புனித சவேரியார், அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நம் முத்துக்குளித்துறையில் பணியைத் தொடங்கியவர். குருக்கள் இல்லாத கடலோர ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்குப்பிள்ளைகளை அமர்த்தியவர் அவர். பின்னாளில் ஜப்பானிய ஊர்களிலும் பொதுநிலையினரே இந்தப் பொறுப்புகளைச் சுமந்தார்கள். 1587-இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி குருக்களை வெளியேற ஆணையிட்டார். 1597-இல் நிஷிசாக்கா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644-இல் கொனிஷி மான்ஷோ என்ற குருவானவர் கொல்லப்பட்டபின் நாட்டில் குருக்களே இல்லை. உரகாமியில் ஒருவர் திருநாள் கணக்கைக் காத்தார், இன்னொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார், வேறு சிலர் வீடு வீடாகச் சேதி சொன்னார்கள்.

இந்த மௌனத்தை அரசு இரண்டு வழிகளில் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தக் கோவிலில் பதிந்து, தாங்கள் கிறிஸ்தவர் அல்லர் என்று சான்று பெற வேண்டும். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது மாதாவின் படத்தைக் காலால் மிதித்தும் காட்ட வேண்டும். இதற்கு ‘ஃபுமி-எ’ என்று பெயர். உரகாமி மக்கள் ஊர்த்தலைவர் வீட்டில் கூடி மிதித்தார்கள். வீடு திரும்பியதும் ‘கொன்சிரிசான்’ சொன்னார்கள். போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் வீடுகளில் சொல்லும் மனத்துயர் செபத்தின் உறவு. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத நாட்டில் இந்த ஒரு செபத்தைப் பிடித்துக்கொண்டுதான் தலைமுறைகள் நடந்தன. அவர்களைக் கோழைகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மிதித்தது பாவம் என்று அறிந்திருந்ததால்தான் ஆண்டுதோறும் அழுதார்கள்.

அதிகாரிகளும் பல வேளைகளில் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்கள். 1805-இல் அமகுசாத் தீவுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது, அவர்களைக் கிறிஸ்தவர் என்று எழுதாமல், தவறான வழக்கத்தில் விழுந்தவர்கள் என்று எழுதி விட்டுவிட்டார்கள். உரகாமியிலும் 1790, 1842, 1856 ஆகிய ஆண்டுகளில் சோதனைகள் நடந்தன. கிறிஸ்தவர் என்ற சொல்லை ஊரும் சொல்லவில்லை, அரசும் எழுதவில்லை. அந்தச் சொல்லை முதலில் உச்சரிப்பவர் யார் என்பதே கேள்வியாக நின்றது.

1850-களின் இறுதியில் படம் மிதிக்கும் வழக்கம் நின்றது. புதிய ஒப்பந்தங்கள் வெளிநாட்டவருக்கு மட்டும் வழிபாட்டு உரிமை தந்தன. புதுச்சேரிக்கும் குருக்களை அனுப்பிய பாரிஸ் வேதபோதக சபையார் நாகசாகியின் ஓரா பகுதியில் ஒரு கோவில் கட்டினார்கள். 1865 மார்ச் 17 அன்று உரகாமியிலிருந்து ஏறத்தாழ 15 பேர் அங்கே வந்தார்கள். பெர்னார் பெத்திஜான் என்ற குருவானவர் பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்தபோது, ஒரு பெண் நெருங்கி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மாதா சுரூபம் எங்கே என்றும் கேட்டாள். அது காதோடு சொன்ன அறிக்கை. ஊரறியச் சொல்ல இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

1867 வசந்தத்தில் உரகாமியில் ஒருவரின் தாய் இறந்தார். சட்டப்படி ஷோதொகுஜி என்ற புத்தக் கோவிலின் துறவி வந்து ஓதிய பிறகே அடக்கம். முன்பெல்லாம் துறவி ஓதும்போது, அந்த ஓதலின் பலனை அழிக்கும் செபத்தை மக்கள் மறைவில் சொல்வார்கள். இம்முறை துறவியையே அழைக்காமல் தாங்களே அடக்கம் செய்தார்கள். விசாரணை வந்ததும், அந்தக் கோவிலோடு இனித் தங்களுக்கு உறவில்லை என்று நூற்றுக்கணக்கான வீடுகள் ஊர்த்தலைவரிடம் தெரிவித்தன. தன் சொந்தப் பிழைப்புக்காகப் படத்தை மிதித்த மனிதன், தாயின் உடலின் மேல் வேறு மந்திரம் ஓத விடமாட்டேன் என்று நின்றான். இறந்தவர் தனக்காகப் பேச முடியாது. உயிரோடிருப்பவர்தான் பேச வேண்டும். பொய் சொல்ல இடமே இல்லாத இடம் அது.

ஜூலை மாதத்தின் ஓரிரவில், கொட்டும் மழையில், 68 பேரைப் பிடித்தார்கள். சித்திரவதையில் ஏறக்குறைய எல்லோரும் மறுதலித்தார்கள். தகாகி சென்எமோன் மட்டும் அசையவில்லை. வரலாற்றாசிரியர்கள் அவரைப் போற்றுவது நியாயம்தான். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பவர்கள் மற்றவர்கள். வீடு திரும்பியவர்களால் தங்கள் வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களில் பலர் ஊர்த்தலைவர் வீட்டுக்குத் திரும்பிச் சென்று, தாங்கள் மறுதலித்ததைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். வலி எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். தெரிந்தே போனார்கள். உரகாமி வரலாற்றில் மிகத் தெளிவான விசுவாச அறிக்கை இதுவே என்பேன்.

1868-இல் ஆட்சி மாறியும் தடை மாறவில்லை. ஏறத்தாழ 3,400 பேர், கைக்குழந்தைகள் உட்பட, நாட்டின் பல பகுதிகளுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். அவற்றில் ஒன்றான ட்சுவானோவில் சென்எமோனை உறைந்த குளத்தில் இறக்கினார்கள். யசுதாரோ என்ற இளைஞர் மூன்றடிக் கூண்டில் அடைபட்டு இறந்தார். எல்லா இடங்களிலுமாக 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் மீண்டும் தளர்ந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. மேற்கு நாடுகளுக்குச் சென்ற ஜப்பானிய அரசின் இவாகுரா தூதுக்குழு இந்தக் கொடுமைக்காகப் போன இடமெல்லாம் கண்டனம் கேட்டது. 1873 பிப்ரவரியில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. வெளியழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. அழுத்தம் தருவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கியவர்கள் உரகாமிக்காரர்கள்.

எல்லா மறைவுக் கிறிஸ்தவர்களும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. இகித்சுகித் தீவில் பலர் முன்னோர் காத்த வடிவத்தையே தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அந்த மறைவே மரபாகியிருந்தது.

உரகாமிக்குத் திரும்பியவர்கள் வறுமையிலும் பணம் சேர்த்து 1880-இல் ஓர் இடத்தை வாங்கினார்கள். அது பழைய ஊர்த்தலைவரின் மனை. அவர்களுடைய பாட்டன்மார் ஆண்டுதோறும் படத்தை மிதித்ததும் அங்கேதான். 1895-இல் தொடங்கி 1914-இல் முடித்த பேராலயம் அந்த மண்ணில்தான் எழுந்தது.