குதிரையிடமிருந்து மனிதனுக்கு, மனிதனிடமிருந்து குட்டிக்கு: பிறவி இதயக் குறையைக் கண்டறிந்த வரலாறு

பிறந்து இரண்டு நாளே ஆன குதிரைக் குட்டியின் இடப்பக்க நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், லப்-டப் ஒலிகளுக்கிடையே ஓர் இரைச்சல் கேட்பது உண்டு. கருவில் இருந்தபோது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்த நாளம் இன்னும் முழுதாக மூடவில்லை என்பதே அதன் பொருள். பெரும்பாலான குட்டிகளில் ஏறக்குறைய நான்கு நாட்களில் அது அடங்கிவிடும். இரு கீழறைகளுக்கும் இடையிலான தடுப்புச் சுவரில் துளையோடு பிறந்த குட்டியின் நெஞ்சிலும் இரைச்சல்தான் கேட்கும், அது அடங்காது. இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. அதற்குத் தேவையான கருவிகளில் முக்கியமான சில குதிரையின் உடலில்தான் முதலில் சோதிக்கப்பட்டன. அங்கிருந்து மனித மருத்துவத்துக்குப் போய், நெடுங்காலம் கழித்தே குட்டியின் கொட்டிலுக்குத் திரும்பின. இக்கட்டுரை அந்தச் சுற்றுப் பாதையைப் பின்தொடர்கிறது.

இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், கட்டிக் கிடத்திய பெட்டைக் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனைதான் இரத்த அழுத்தத்தின் முதல் அளவீடு. 1844-இல் கிளாட் பெர்னார்ட் குதிரையின் கழுத்துச் சிரை வழியாகவும் தமனி வழியாகவும் இதய அறைகளுக்குள்ளேயே குழாய் செலுத்தினார். 1861 முதல், லியோன் கால்நடை மருத்துவப் பள்ளியின் ஓகுஸ்த் ஷோவோ, எத்தியேன் மாரேயுடன் சேர்ந்து, விழித்து நிற்கும் குதிரையின் இதய அறைகளில் காற்றடைத்த சிறு ரப்பர்ப் பைகளைச் செலுத்தி, அழுத்தம் ஏறி இறங்குவதைச் சுழலும் உருளையில் கோடுகளாகப் பதிவு செய்தார். ஒரு பாடநூலில் கண்ட அந்தக் குதிரையின் படம்தான், 1929-இல் தன் கைச் சிரை வழியே தன் இதயத்துக்கே குழாய் செலுத்த வெர்னர் ஃபோர்ஸ்மானைத் தூண்டியது. 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசில் லியோன் குதிரைக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

கொட்டிலில் வேலை செய்த கால்நடை மருத்துவருக்கோ காதுதான் கருவி. லென்னெக் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். 1879-இல் பாரிஸ் மருத்துவர் ஆன்ரி ரோஜே மனிதர்களிடம் கண்டு சொன்ன ஒன்று குதிரைக்கும் அப்படியே பொருந்தியது: தடுப்புச் சுவரில் சிறு துளை இருந்தால் இரைச்சல் பலமாக இருக்கும், நோயாளியோ நலமாக இருப்பார். ஒலியின் உரப்பு நோயின் அளவைச் சொல்லாது. துளை பெரிதானால் இரு கீழறைகளின் அழுத்தமும் சமமாகி இரைச்சல் தணியவும் கூடும். இதை அறியாமல் உரத்த ஒலி கேட்ட குட்டியை ஒதுக்குவதும், மெல்லொலி கேட்ட குட்டியை நம்புவதும் பெரும்பிழை.

காதால் பிரித்தறியும் வழியும் படிப்படியாகவே உருவானது. கீழறைத் துளையின் இரைச்சல் வலப்பக்க நெஞ்சில், மார்பெலும்புக்குச் சற்று மேலே அதிகம் கேட்கும். உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிவதும் உண்டு. மூடாத நாளத்தின் ஒலி இடப்பக்கத்தில், இயந்திரம் ஓடுவதுபோல் இடைவிடாது கேட்கும். நியூமார்க்கெட்டில் பணியாற்றிய பீட்டர் ராஸ்டேல், 1967-இல் புதிதாகப் பிறந்த தரோப்ரெட் குட்டிகளின் இதயத் துடிப்பு, ஒலி, ஈ.சி.ஜி. (இதய மின்வரைபடம்) ஆகியவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். எது நோய் என்று சொல்லுமுன் எது இயல்பு என்று தெரிய வேண்டும். அந்த அடிப்படையை இட்டதால், இவ்வரலாற்றில் அவருடைய பணிக்குப் பலரும் தருவதைவிட உயர்ந்த இடம் தரலாம்.

ஈ.சி.ஜி. இந்தத் துறையில் ஏமாற்றமே தந்தது. 1911-இலேயே தாமஸ் லூயிஸ் குதிரையின் சீரற்ற துடிப்பை அதைக் கொண்டு ஆராய்ந்திருந்தார்; தாளக் கோளாறுகளுக்கு அது இன்றும் சிறந்த கருவி. ஆனால் துளையால் அறை வீங்கியிருப்பதை அதில் காண முடியவில்லை. காரணத்தை 1965-இல் ராபர்ட் ஹாம்லினும் உடன் ஆய்வாளரும் விளக்கினர். மனித இதயத்தில் மின்தூண்டலைக் கடத்தும் பர்க்கின்ஜி இழைகள் தசையின் உட்புறத்தோடு நின்றுவிடுகின்றன. குதிரையில் அவை சுவரின் தடிமன் முழுதும் ஊடுருவுகின்றன. தசை ஏறக்குறைய ஒரே கணத்தில் தூண்டப்படுவதால் எதிரெதிர் மின்விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அறையின் பருமன் வரைபடத்தில் விழுவதில்லை.

எக்ஸ்ரே குட்டிக்கு ஓரளவு உதவும். வளர்ந்த குதிரையின் பெரிய மார்பில் விவரம் தெளிவதில்லை. வலக் கீழறையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடியிருக்கிறதா என்று இதயத்துக்குள் செலுத்தும் குழாய் (கதீட்டர்) மூலம் பார்க்கலாம். ஆனால் அது எல்லாக் கொட்டிலிலும் செய்யக்கூடிய வேலையல்ல. அதனால் பெரும்பாலும் பிணப் பரிசோதனையே இறுதிச் சொல்லாக இருந்தது.

1953-இல் ஸ்வீடனின் லுண்டில் இங்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மீயொலியால் மனித இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அது குதிரையை வந்தடைய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. 1977-இல் குதிரை இதயத்தின் மீயொலிப் பதிவு (எக்கோ) பற்றி வெளிவந்த ஆரம்பக் கட்டுரை பைப்பர்ஸும் அதே ஹாம்லினும் எழுதியது. மின்வரைபடம் ஏன் கைவிடுகிறது என்று காட்டியவரே மாற்று வழியையும் தேடினார். 1980-களில் இருபரிமாணப் படமும் டாப்ளரும் வந்தபோது, துளையைக் கண்ணால் காணவும் அதன் வழிப் பாயும் இரத்தத்தின் வேகத்தை அளக்கவும் முடிந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா ரீஃப் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே திருப்புமுனை. துளையின் விட்டம் 2.5 செ.மீ.-க்கு மிகாமலும், பாய்ச்சல் வேகம் நொடிக்கு 4 மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் குதிரை பந்தயத்திலும் ஓடக்கூடும் என்ற அளவுகோல் அதன்வழி நிலைபெற்றது. வேகம் கூடுவது நல்ல செய்தியாவது எப்படி? வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் இரு அறைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். அவ்வளவு வேறுபாடு நீடிப்பதால் துளை சிறியது, வலக் கீழறை காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று அறியலாம். ரோஜே காதால் கண்டதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எண் வடிவம் கிடைத்தது.

ஈறு நீலம் பாரித்த குட்டிகளின் நிலை வேறு. ஃபாலோ 1888-இல் விவரித்த நான்கு குறைகளின் கூட்டு இருந்தால், அசுத்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே உடலில் கலக்கும். மூக்கில் ஆக்ஸிஜன் கொடுத்தும் தமனி இரத்தத்தில் அதன் அளவு போதிய அளவு ஏறாது. குலுக்கிய உப்புநீரைக் கழுத்துச் சிரையில் ஏற்றினால், நுண்குமிழ்கள் நுரையீரலில் வடிகட்டப்படாமல் இடப்பக்க அறைகளிலோ பெருந்தமனியிலோ மின்னுவதை எக்கோவில் காணலாம்.

மனிதக் குழந்தைக்கு இந்தக் கண்டறிதல் அறுவை அறையின் கதவைத் திறந்தது. கீழறைத் துளையுள்ள குட்டிக்கு நடைமுறையில் அப்படியொரு கதவு இல்லை. எனவே இங்கே கேள்வி அது ஓடுமா, சவாரிக்கு ஆகுமா, வலியின்றி வாழுமா என்பதுதான். வெல்ஷ் மலைப் போனிகளிலும் அரபுக் குதிரைகளிலும் இக்குறை கூடுதலாகக் காணப்படுவதால் மரபின் பங்கு இருக்கலாம் என்ற ஐயம் வலுத்துள்ளது. சிறு துளையோடு நன்றாக ஓடிய பெட்டைக் குதிரையை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதன் உரிமையாளருக்கு எக்கோ திரையில் தெரியும் நல்ல எண்ணோடு இந்த அறிவுரையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.