வான் ஒன்றுக்காகச் செய்த பெட்டி

ஸ்பீக்கர் வாங்கப் போனால் எங்களில் கனபேர் முதல் கேட்கிறது "எத்தனை வாட்?" எண்டுதான். அடுத்தது "பேஸ் எப்பிடி, அதிருமா?" விலை கூடின பெட்டி நல்ல பெட்டி என்ற முடிவுக்கும் கெதியில வந்திடுவம். ஐம்பது வருடங்களுக்கு முன்னர் பிபிசி என்ஜினியர்கள் வேறொரு கேள்வியோடு தொடங்கினார்கள்: பெட்டிக்குள்ளால வருகிற குரல், கதைக்கிற ஆளின் குரல் மாதிரியே இருக்கா? அந்தக் கேள்வியில் பிறந்த ஒரு சின்னப் பெட்டியின் கதை இது. பெயர் எல்எஸ்3/5ஏ.

கலையகத்துக்கு வெளியே நடக்கிற நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப பிபிசி வான்களை அனுப்பும். உள்ளே மேசை, கருவிகள், ஆட்கள் எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கும். கலையகத்துப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் போகிற ஒலி சரியா பிழையா என்று அந்த வானுக்குள் இருந்தே முடிவெடுக்க வேண்டும். இதற்காகத்தான் 1970களின் தொடக்கத்தில் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு இதை வடிவமைத்தது. எல்எஸ் என்றால் லவுட்ஸ்பீக்கர், 3 என்றால் வெளிக்கள ஒலிபரப்புக்கு உரியது. உயரம் சுமார் 30 சென்ரிமீற்றர், அகலம் 19. அவ்வளவுதான்.

பிபிசியில் ஸ்பீக்கர்களைச் சோதித்த முறை எளிமையானது. ஒருவரைக் கலையகத்தில் கதைக்க விடுவார்கள், அடுத்த அறையில் ஸ்பீக்கரில் கேட்பார்கள். பிறகு எழும்பிப் போய் அந்த ஆளின் குரலை நேரடியாகக் கேட்பார்கள். மனிதக் குரலை நாங்கள் பிறந்த நாளிலிருந்து கேட்கிறோம். அதில் சின்ன மூக்கடைப்பு வந்தாலும் காது பிடித்துவிடும். கருவிகளால் அளப்பதும் நடந்தது, ஆனால் காதின் தீர்ப்பையும் அவர்கள் விடவில்லை.

பெட்டியின் பலகையிலும் அதே கவனம். பாரமான, தடித்த பலகைதான் நல்லது என்று நாங்கள் நினைப்போம். அப்படிப் பலகையும் அதிரும்; அந்த அதிர்வு குரல் இருக்கிற இடத்திலேயே வந்து விழுந்தால் ஒலி கெட்டுவிடும். ஆகவே மெல்லிய ஒட்டுப்பலகையை எடுத்து, உள்ளே அதிர்வை அடக்குகிற பொருளை ஒட்டினார்கள். பலகை அதிர்ந்தாலும் கெதியில அடங்கிவிடும். கூம்புக்குக் கடதாசியை விட்டுவிட்டு பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். கடதாசி ஈரப்பதனுக்கு மாறும், ஒன்றைப் போல இன்னொன்று வராது. பிபிசிக்கோ எந்த வானில் ஏறினாலும் ஒரே ஒலி வேண்டும்.

கூம்புகளைச் செய்தது இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த கேஇஎஃப். 1961இல் அதைத் தொடங்கிய ரேமண்ட் குக் முன்னர் பிபிசியில் வேலை செய்தவர். முதல் வடிவம் வந்த கொஞ்சக் காலத்திலேயே அந்தக் கூம்புகள் மாறிப்போக, பிபிசி மறுபடி இருந்து வடிவத்தைத் திருத்தியது. பெயரின் கடைசியில் நிற்கிற 'ஏ' அந்தத் திருத்தத்தின் அடையாளம்.

பிபிசி தானே தொழிற்சாலை வைக்கவில்லை. றொஜர்ஸ், சார்ட்வெல், ஓடியோமாஸ்டர், ஸ்பெண்டர், ஹார்பெத் என்று பல கொம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது. யார் செய்தாலும் பிபிசி அளவுக்குப் பொருந்த வேண்டும். ஹார்பெத்தைத் தொடங்கிய டட்லி ஹார்வூட்டும் ஸ்பெண்டரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸும் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள்தான். இங்கிலாந்துச் சனம் கட்டிய உரிமக் காசில் நடந்த ஆராய்ச்சி, இப்படித்தான் கடைக்கும் வீட்டுக்கும் வந்தது.

குறை இல்லாத பெட்டியா? இல்லை. ஆழமான பேஸ் வராது. சத்தம் கூட்டினால் திணறும். 82, 83 டெசிபெல் அளவு உணர்திறன் எண்டால் அம்பிளிஃபயர் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேணும். 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஒலி சற்று உயர்ந்து நிற்பதால்தான், இல்லாத பேஸ் இருக்கிற மாதிரிக் காதுக்குப் படுகிறது. கலியாண வீட்டுக்கு இது சரிவராது. பக்கத்தில் இருந்து கேட்கிற சின்ன அறைக்குத்தான் பொருத்தம், ஏனெண்டால் அது பிறந்த இடமே ஒரு வான்.

1990களின் கடைசியில் கேஇஎஃப் அந்தக் கூம்புகளை நிறுத்தியதோடு பழைய உற்பத்தி முடிந்தது. பிறகுதான் முரண் தொடங்குகிறது. வேலைக்காரச் சாமான் ஒன்று சேகரிப்பாளர்களின் பொக்கிசமானது. ஜப்பானிலும் ஹொங்கொங்கிலும் பழைய சோடிகளைத் தேடி வாங்குகிறார்கள், புதிதாகச் செய்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். எந்த வருடம், 15 ஓமா 11 ஓமா என்று வாதம் நடக்கிறது. பொதுக்காசில் பொதுவேலைக்காகச் செய்த ஒன்று, இன்று சாதாரண ஆள் தொடமுடியாத விலையில் நிற்கிறது.

அந்தப் பெட்டி எங்களுக்குத் தேவையில்லை, அதைச் செய்தவர்கள் கேட்ட கேள்விதான் தேவை. அதற்குக் காசும் இல்லை. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது அதிர்கிற பாட்டை விட்டுவிட்டு, நன்கு தெரிந்த ஒரு அறிவிப்பாளரின் குரலைப் போடச் சொல்லுவம். அந்த ஆள் முன்னால இருந்து கதைக்கிற மாதிரி இருக்கா, பெட்டிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கா? விலைச்சீட்டைப் பிறகு பார்ப்பம்.