சவரக்கடையின் பின்னறை: நியூயார்க்கில் பச்சை குத்துவோரின் பங்கும் உரிமமும்

பச்சை குத்துதலின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் உருவங்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நங்கூரம் எப்போது வந்தது, கழுகு யார் மார்பில் முதலில் அமர்ந்தது, காதலியின் பெயரை அழிக்க எந்தப் பூ வரையப்பட்டது என்பன போன்ற செய்திகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஊசியைப் பிடித்தவர் அன்று மாலை எவ்வளவு பணத்துடன் வீடு திரும்பினார், அதில் எத்தனை பங்கை யாருக்கு எண்ணி வைத்தார், அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே. இத்தொழிலின் நவீன வடிவம் உருவான நியூயார்க் நகரை முன்வைத்து இவ்வினாக்களைச் சற்றே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், சாமுவேல் ஓ'ரைலி என்பவருக்கு மின்சாரத்தால் இயங்கும் பச்சை குத்தும் கருவிக்கான காப்புரிமை வழங்கப்பட்டது. எடிசன் 1870களில் படியெடுப்பதற்காக உருவாக்கிய மின்பேனாவின் வழித்தோன்றல் அது. ஓ'ரைலியின் தொழிலிடம் நியூயார்க்கின் பவரி வீதி தொடங்கும் சாத்தம் சதுக்கம். மலிவான விடுதிகளும் மதுக்கடைகளும் அடகுக்கடைகளும் நெருக்கியடித்து நின்ற இடம். கரையிறங்கிய மாலுமிகள் கைக்காசைக் கரைக்கும் இடமும் அதுவே. 1909இல் ஓ'ரைலி இறந்தபின் அவ்விடத்தில் கோலோச்சியவர், 1904இல் தம் கருவிக்குத் தனியே காப்புரிமை பெற்றிருந்த சார்லி வாக்னர்.

இவர்களுடைய தொழில் பெரும்பாலும் நடந்தது சவரக்கடைகளின் பின்னறைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும்தான் என்பது நம் பொருளுக்கு முக்கியமான செய்தி. காரணம் எளிது. சவரக்கடையில் நாற்காலியும் விளக்கும் வெந்நீரும் கண்ணாடியும் முன்பே இருந்தன. அவற்றைவிட மேலாக, காத்திருக்கும் ஆட்களும் இருந்தார்கள். அடிதடியில் கறுத்துப்போன கண்ணுக்கு மேல்பூச்சுப் பூசி மறுநாள் வேலைக்கு அனுப்பி வைப்பதும் அக்கடைகளின் சேவைகளுள் ஒன்று! முன்னறையில் கத்தி, பின்னறையில் ஊசி. இடம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்னும் நிலை தோன்றிய அன்றே பங்குக் கணக்கும் தோன்றிவிட்டது.

அப்பங்கு இரண்டு வடிவங்களில் இன்றுவரை தொடர்கிறது. அவற்றை விளக்க நமக்கு அயற்சொற்கள் தேவையில்லை. நிலவுடைமையின் மொழியில் வாரம் என்றும் குத்தகை என்றும் நாம் வழங்கும் சொற்களே போதும். முதல் முறையில், வாடிக்கையாளர் தரும் தொகையைக் கடைக்காரரும் கலைஞரும் பகிர்ந்துகொள்கின்றனர். பாதிக்குப் பாதி என்பது பழைய வழக்கம். கைதேர்ந்தவராயின் கலைஞருக்கு அறுபதும் கடைக்கு நாற்பதுமாக அது மாறும். இரண்டாவது முறையில், கலைஞர் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு குறித்த வாடகையைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வரும்படி அனைத்தையும் தாமே எடுத்துக்கொள்கிறார்.

வாரத்தில் விளைச்சல் பொய்த்தால் இருவருக்கும் இழப்பு. குத்தகையில் பொய்த்த வானத்தின் கணக்கு முழுவதும் உழுபவன் தலையில். பனிக்காலத்தில் ஆள் வராத வாரங்களை எண்ணிப் பார்த்தால், பெயர் நிலைபெறாத இளைய கலைஞர் ஏன் பங்கு முறையை விரும்புகிறார் என்பதும், ஆறு மாதத்துக்கு முன்பதிவு நிறைந்த மூத்தவர் ஏன் வாடகை முறைக்கு மாறுகிறார் என்பதும் விளங்கும். ஒரு நாளில் அறுநூறு டாலருக்கு வேலை செய்பவர் பாதிப்பங்கில் முந்நூறைக் கடைக்குத் தருகிறார். மாதம் இருபது நாள் அவ்வாறு நடந்தால் அது ஆறாயிரம். அத்தொகைக்கு ஒரு தனி அறையையே வாடகைக்குப் பிடித்துவிடலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றாமலிருக்காது.

ஆனால் கடை தந்தது வெறும் நான்கு சுவர்களை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவரில் தொங்கிய மாதிரிப் படங்களே அக்காலத்தில் பெரும் மூலதனம். வருபவர் சுவரைப் பார்த்து விரலை நீட்டுவார்; நீட்டிய உருவம் உடலில் ஏறும். வாக்னரோடு இணைந்து பணியாற்றிய லூ ஆல்பர்ட்ஸ், சுவர்த்தாள் வடிவமைப்பில் பயின்றவர். அவர் வரைந்த மாதிரித் தாள்கள் கைமாறி நாடெங்கும் பரவின. வாக்னரோ கருவிகளையும் மையையும் அஞ்சல் வழியே விற்றார். பச்சை குத்திச் சம்பாதித்ததைக் காட்டிலும் பச்சை குத்துவோருக்கு விற்றுச் சம்பாதிப்பது நிலையான வருவாய் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார் போலும்.

இந்த அமைப்பில் இன்னொரு குடும்பத்தையும் குறிப்பிட வேண்டும். வில்லி மாஸ்கோவிட்ஸ் பவரியில் சவரத்தொழில் செய்தவர். வாக்னரிடம் பச்சை குத்தக் கற்றுக்கொண்டு, முடிவெட்டுவதைவிட இதில் வருவாய் மிகுதி என்று கண்டு, தம் மைந்தர்கள் ஸ்டான்லி, வால்டர் இருவரையும் இத்தொழிலில் இறக்கினார். இடமும் கையும் ஒரே குடும்பத்துக்குள் அமைந்ததால் பங்குச் சிக்கல் அவர்களுக்கு எழவில்லை. ஆனால் அவர்களை வேறொரு கை எழுப்பிவிட்டது.

1961ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல், நியூயார்க் நகர எல்லைக்குள் பச்சை குத்துவதை நகரின் சுகாதார விதிகள் தடை செய்தன. ஹெபடைடிஸ் எனப்படும் கல்லீரல் அழற்சி ஊசிகள் வழியே பரவுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அக்காலத்துக் கடைகளின் தூய்மை பற்றிப் பெருமையாகச் சொல்ல ஏதுமில்லை என்பதால், அக்கவலையைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. எனினும் அவ்விதியில் ஒரு விலக்கு இருந்தது: மருத்துவக் காரணத்துக்காக, உரிமம் பெற்ற மருத்துவர் செய்யலாம். அதாவது குற்றம் ஊசியில் இல்லை, பிடித்த கையில்தான் இருந்தது.

கோனி தீவில் தொழில் நடத்திவந்த ஃப்ரெட் கிராஸ்மன் நகர சுகாதார ஆணையர் மீது வழக்குத் தொடுத்தார். முறைப்படுத்துங்கள், ஒழித்துவிடாதீர்கள் என்பதே அவர் தரப்பின் சாரம். ஊசியைக் கொதிகலத்தில் இட்டுத் தூய்மை செய்யும் முறைகள் அன்றே இருந்தன. முதல் நீதிமன்றம் தடையை ஏற்றது. 1964இல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் சுகாதாரத்தோடு நில்லாமல், உடலை இவ்வாறு அலங்கரிப்பது காட்டுமிராண்டிக் காலத்தின் எச்சம், பெரும்பாலும் கோணிய மனநிலையோடு தொடர்புடையது என்னும் கருத்தையும் தீர்ப்பில் பதிந்தனர். நோய்த்தடுப்பு பற்றிய வழக்கில் இக்கருத்துக்கு என்ன வேலை என்று இன்று படிப்பவருக்குத் தோன்றும். 1966இல் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. ஒருவருடைய பிழைப்பின் மதிப்பு என்ன என்ற வினா தராசில் ஏறவே இல்லை.

மாஸ்கோவிட்ஸ் சகோதரர்கள் லாங் தீவின் அமிட்டிவில்லுக்குக் கடையை மாற்றினர். வேறு சிலர் நகரிலேயே தங்கி வீடுகளுக்குள் ஒதுங்கினர். கீழ்க்கிழக்குப் பகுதியில் தாம் டிவீட்டாவும், 1976 முதல் பவரியில் மைக் பகாட்டியும் தடைக்காலத்திலேயே தொழில் செய்தவர்கள். பெயர்ப்பலகை கிடையாது, ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். கடைக்காரர் என்று ஒருவர் இல்லாததால் முழு வரும்படியும் கலைஞருக்கே. ஆயினும் ஏமாற்றிய வாடிக்கையாளர் மீது வழக்கிட முடியாது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் எதிர்த்துப் பேச முடியாது. அதே 1976இல் ஸ்பைடர் வெப் என்ற கலைஞர் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முன்பே பகிரங்கமாகப் பச்சை குத்திக் கைதானார். இது கருத்துரிமை என்ற அவர் வாதத்தை 1978இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2010இல் கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச் நகரத்துக்கு எதிரான வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதே வாதத்தை ஏற்றுக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

நிற்க. 'மருத்துவர் மட்டும்' என்ற அந்த விலக்கு நியூயார்க்கோடு முடிந்துவிடவில்லை. தென்கொரியாவின் உச்சநீதிமன்றம் 1992இல் பச்சை குத்துதலை மருத்துவச் செயல் என்று தீர்ப்பளித்ததால், அந்நாட்டுக் கலைஞர்கள் ஒரு தலைமுறைக் காலம் சட்டத்தின் கண்ணில் போலி மருத்துவர்களாக வாழ நேர்ந்தது. 2025 செப்டம்பரில்தான் அவர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதுவும் நடைமுறைக்கு வர இரண்டாண்டு அவகாசத்தோடு. ஜப்பானில் ஒசாகா கலைஞர் தைகி மசுதா மருத்துவ உரிமமின்றித் தொழில் செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, 2018இல் விடுவிக்கப்பட்டார். 2020இல் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது.

நியூயார்க்கின் தடை 1997இல் நகரசபையால் நீக்கப்பட்டது. மாற்றாக வந்த உரிம முறையின் அமைப்பு கவனத்துக்குரியது. உரிமம் கலைஞருக்கு, அவர் பெயரில். தொற்றுத் தடுப்புப் பாடத்தைக் கற்றுத் தேர்வில் வென்றால் ஈராண்டுக்குச் செல்லுபடியாகும் உரிமம் கிடைக்கும். கோடு நேராக வருமா, நிழல் சரியாக விழுமா என்பதை நகரம் சோதிப்பதில்லை. அது சரிதான் என்பேன். கலைத்திறனை அளக்க அரசு அலுவலகத்தில் அளவுகோல் எது? முப்பது ஆண்டுகளுக்கு முன் கிராஸ்மன் கேட்டது ஏறத்தாழ இதைத்தான்.

உரிமம் கைக்கு வந்தபின்னும் பங்கின் பேரம் அப்படியே நின்றது. சட்டம் ஊசியின் தூய்மையைப் பேசியதே தவிர விழுக்காட்டைப் பேசவில்லை. கலைஞர் ஊழியரா, தனித்தொழிலாளரா என்பதே இன்றைய பெரும் பூசல். தனித்தொழிலாளர் எனில் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்குமான வரி 15.3 விழுக்காட்டை முழுவதும் அவரே செலுத்த வேண்டும். ஊழியர் எனில் பாதியை முதலாளி ஏற்பார். ஆகவே பல கடைகள் கலைஞரைத் தாளில் சுதந்திரமானவர் என்று எழுதிவிட்டு, வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் விலையையும் தாமே விதிக்கின்றன. வரித்துறை பார்ப்பது தாளின் பெயரை அல்ல. வேலையை எப்படிச் செய்வது என்று ஆணையிடுபவர் யார், கருவி யாருடையது, இலாபநட்டம் யாரைச் சேர்கிறது என்பவற்றை.

கருவி கலைஞருடையது, பெயர்ப்பலகையும் தொலைபேசியும் கடையுடையவை. அவர் விலகிச் செல்லும் நாளில் உரிமத்தையும் ஊசிப்பெட்டியையும் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருப்பதில்லை. பாதி வரைந்து நிறுத்திய முதுகுகளின் உரிமையாளர்கள் எந்தக் கடையை நாடுவது, அவர்கள் முன்பணமாகக் கட்டிய தொகை யார் கையில் இருப்பது என்பதில்தான் வழக்கமாகச் சண்டை மூள்கிறது.