எலும்பு ஒட்டாத பிளாஸ்டிக்: பீக் மேற்பரப்பின் வரலாறு

சுருக்கமாக பீக் எனப்படும் பாலிஈத்தர்ஈத்தர்கீட்டோன் எலும்புக்காகப் பிறந்ததல்ல. 1978இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவன வேதியியலாளர்கள் அதை உருவாக்கியபோது, அவர்கள் மனத்தில் இருந்தவை சூடேறும் மின்கம்பிகளும் இயந்திர பாகங்களும்தான். 343 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. பெரும்பாலான அமிலங்களுக்கும் கரைப்பான்களுக்கும் அசையாது. எதனோடும் வினைபுரியாத இந்தக் குணமே அதை மருத்துவர்களிடம் கொண்டுசேர்த்தது. பின்னாளில் பெரிய தலைவலியானதும் அதே குணம்தான்.

எலும்போடு ஒட்டுவதற்கான அளவுகோலை டைட்டானியம் முன்பே வகுத்துவிட்டது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க பெர்-இங்வார் பிரோனமார்க் ஒரு டைட்டானியக் குழலைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் அது வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது. 1965இல் மனிதத் தாடையில் முதல் டைட்டானியப் பல்வேர் பொருத்தப்பட்டது. 1969இல் ஃப்ளோரிடாவில் லாரி ஹென்ச் எலும்போடு வேதிப்பிணைப்பே உண்டாக்கும் கண்ணாடியைச் செய்துகாட்டினார்.

பிறகு ஏன் பிளாஸ்டிக்? காரணம் டைட்டானியத்தின் விறைப்பு. அதன் மீள்தன்மைக் கெழு சுமார் 110 கிகாபாஸ்கல். கடின எலும்புக்கு 20க்கும் குறைவு. பீக்குக்கு 3 முதல் 4. விறைப்பான உலோகம் பாரத்தைத் தானே சுமந்துகொண்டால், வேலையிழந்த எலும்பு மெலிந்துபோகும். போதாததற்கு உலோகம் எக்ஸ்-ரே படத்தை மறைக்கும். முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் ‘கேஜ்’ என்ற கூண்டைக் கார்பன் இழை கலந்த, பீக் குடும்பத்துப் பாலிமரில் செய்தார் அமெரிக்க மருத்துவர் ஜான் பிரான்டிகன். 1999இல் அதற்கு அந்நாட்டு மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. இரண்டு முள்ளெலும்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்வதை இனி எக்ஸ்-ரேயில் தடையின்றிப் பார்க்கலாம்.

ஆனால் வழுவழுப்பான பீக்கை எலும்பு பற்றிக்கொள்ளவில்லை. பல நேரங்களில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உறை வளர்ந்தது. உடல் அதை நிராகரித்தது என்று சொல்ல முடியாது. சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்தது எனலாம்.

முதலில் தோன்றிய தீர்வு மேலே ஒரு பூச்சு. இடுப்பு மூட்டுகளில் 1980களிலேயே, எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கித் தெளித்திருந்தார்கள். பீக் மீது டைட்டானியத்தைத் தெளிக்கவும் அதே உத்தி கைகொடுத்தது. என்றாலும், சுத்தியலால் தட்டிக் கூண்டை உள்ளே இறக்கும்போது பூச்சு உரிந்துவிடுமோ என்ற அச்சம் தீரவில்லை. ஹைட்ராக்சிஅபடைட் தூளைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்துவிடுவது இன்னொரு வழி. அதிகம் கலந்தால் பொருள் நொறுங்கும் தன்மை பெறும். குறைத்தால் துகள்களில் பெரும்பகுதி உள்ளேயே புதைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் 3டி அச்சு கணக்கையே மாற்றியது. 2013 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஆக்ஸ்ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியல்ஸ், பீக்கின் நெருங்கிய உறவான பெக் என்ற பாலிமரில் லேசரால் அச்சிட்ட மண்டையோட்டுத் தகட்டுக்கு அனுமதி பெற்றது. அடுத்த மாதமே ஒரு நோயாளியின் மண்டையோட்டில் 75 சதவீதம் அப்படி அச்சிட்ட தகட்டால் மாற்றப்பட்டது. அச்சு தந்த பெரிய வசதி நோயாளிக்கேற்ற வடிவம் என்றே பலரும் எழுதினார்கள். மேற்பரப்பின் வரலாற்றில் அதைவிட முக்கியமானது துளைகள். சில நூறு மைக்ரான் அகலத்தில், ஒன்றோடொன்று இணைந்து உள்ளே வரை போகும் வழிகளைப் பொருளிலேயே வரைந்துவிடலாம். எலும்பும் ரத்தக்குழாயும் அவற்றினூடே வளரும்.

துளைகள் வந்ததும் தெளிப்பு முறை பின்தங்கியது. ஜன்னல் கம்பிக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தவருக்கு இது தெரியும்: நேர்ப்பார்வையில் படாத பக்கம் பூச்சும் படாது. வளைந்து நெளியும் துளையின் அடிவரை போகக்கூடியது திரவம்தான். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முறை அதற்குப் பொருந்தியது. பீக்கை அசைக்கக்கூடிய மிகச்சில திரவங்களில் ஒன்றான அடர் கந்தக அமிலத்தில் அதை மூழ்கவைத்தார்கள். மேல்தோல் இளகியது, நீரில் இட்டதும் கடற்பஞ்சு போன்ற நுண்வலையாகக் கெட்டியானது, கூடவே கந்தகத் தொகுதிகளும் பாலிமரில் ஒட்டிக்கொண்டன. சிக்கல் வலைக்குள் தங்கிய அமிலம். அது செல்களுக்கு ஆகாது. அசிட்டோனில் மீண்டும் அலசிய மாதிரிகளில்தான் செல்கள் நன்றாகப் பரவின. என் பார்வையில் அந்த ஆய்வின் பயனுள்ள பாடம் அமிலத்தைவிட அலசலில்தான் இருக்கிறது.

ஸ்வீடனின் ப்ரோமிமிக் நிறுவனமும் திரவத்தையே நம்பியது. அதன் ஹைட்ராக்சிஅபடைட் படலத்தின் தடிமன் சுமார் 20 நானோமீட்டர். பழைய தெளிப்புப் பூச்சுகளோ பல பத்து மைக்ரான் தடிமன் கொண்டவை. இவ்வளவு மெல்லிய படலம் துளையை அடைக்காது. அமெரிக்காவின் க்யூரிடீவா, அச்சிட்ட துளைக்கூண்டையும் ஹைட்ராக்சிஅபடைட் மேற்பரப்பையும் ஒன்றுசேர்த்து 2023இல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது.

அதே 2023இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனை, ஒரு நோயாளிக்கான முக எலும்புப் பதியத்தைத் தன் வளாகத்திலேயே பீக்கில் அச்சிட்டது. அச்சு இயந்திரத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவருவது இப்போது சாத்தியம். ஆனால் அமிலத் தொட்டி, அலசல், எச்சம் எவ்வளவு தங்கியது என்ற சோதனை ஆகியவற்றுக்குத் தனி ஆய்வகமும் தனிச் சான்றும் வேண்டும். மண்டையோட்டுத் தகட்டைத் திருகாணி பிடித்துக்கொள்ளும். எலும்பு ஒட்டாவிட்டாலும் சமாளிக்கலாம். பாரம் தாங்கும் முதுகெலும்புக் கூண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே மேற்பரப்பு வேலை இன்னும் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலிலேயே நிற்கிறது.