எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் மாவுச்சத்து உணவு: கொங்கு நாட்டு வழக்கை முன்வைத்து

இரைப்பையைச் சிறிதாக்கியோ சிறுகுடலின் பாதையை மாற்றியோ எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அரிசி, சிறுதானியம், கிழங்கு, பழம், சர்க்கரை ஆகியவற்றை எப்போது, எந்தப் பக்குவத்தில், எவ்வளவு உண்ணலாம் என்பது இக்கட்டுரையின் பொருள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் இந்தச் சிகிச்சை முடிந்து வந்தவர்களில் பலர் முதலில் சொல்வது "சோத்தை விட்டாச்சுங்க" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பேக்கரியில் குடிக்கும் சர்க்கரை போட்ட டீ அந்தக் கணக்கில் வருவதில்லை. சமைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நான்கு டீ குடித்தால் சர்க்கரை மட்டுமே 30 கிராமுக்கு மேல் போய்விடும்.

பின்னணி

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. கோவையில் சி. பழனிவேலு நிறுவிய ஜெம் மருத்துவமனை லேப்ராஸ்கோப்பி முறை அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை அங்கும், நகரின் வேறு பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது.

யாருக்கு இது தேவை என்பதை உடல் நிறை குறியீட்டெண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள். 2022இல் இரு அறுவை சிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, 35உம் அதற்கு மேலும் உள்ளவர்கள் அனைவருக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு 27.5 முதலே அளிக்கலாம் என்றும் அது சொல்கிறது. இந்தியக் காப்பீட்டு விதிகளின் எல்லை இன்னும் மேலே நிற்கிறது: 40, அல்லது கடுமையான துணை நோய்கள் இருந்தால் 35.

இரைப்பையில் நேரும் மாற்றம்

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாயளவு மட்டும் விடுவார்கள். இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவில், உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும் வால்வு அப்படியே இருக்கும். பைபாஸ் முறையில் மேலே 30 மி.லி. அளவுக்கு ஒரு சின்னப் பை ஆக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள். உணவு அந்த வால்வைத் தாண்டாமலேயே குடலில் விழும். மாவுச்சத்தால் வரும் தொல்லைகள் பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம் தெரிவதற்கு இதுவே காரணம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அவை வரவே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

முதல் இரண்டு மாதங்கள்

தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான நீராகாரம், பிறகு மசியல், பிறகு மெதுவான உணவு, ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு என்று படிப்படியாகப் போவது பொது வழக்கம். ஒவ்வொரு கட்டமும் எத்தனை நாள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். பருப்புத் தண்ணி, காரம் குறைத்த கொள்ளு ரசம், வெண்ணெய் எடுத்த மோர் ஆகியவை தொடக்கத்தில் உதவும். பைபாஸுக்குப் பின் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். அவர்களுக்கும் மோர் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இந்தக் காலத்தில் புரதமே முதல் தேவை. ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான இலக்கு. மாவுச்சத்து முதல் மாதங்களில் 50 கிராம் அளவில் இருந்தாலும் தவறில்லை. உண்ணும் அளவு கூடக் கூட அது 130 கிராமை நோக்கி உயரலாம். பெரியவர் ஒருவரின் மூளைக்குத் தேவையான குளுக்கோஸை வைத்துக் கணக்கிட்ட அன்றாட அளவு அந்த 130 கிராம். நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 8 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், எதையும் அடியோடு விட வேண்டியதில்லை என்பது விளங்கும்.

களியும் கூழும்

சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை சொல்வது வேறு. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், ராகியில் 67, சோளத்தில் 68, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவு இல்லை. சிறுதானியத்தின் உண்மையான மேன்மை அதன் நார்ச்சத்து: கம்பிலும் ராகியிலும் சுமார் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கம்பில் புரதமும் 11 கிராம் அளவுக்கு உண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பின் தானியத்தின் பெயரைவிட அது தட்டுக்கு வரும் பக்குவமே முக்கியம். களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதே வழக்கம். மென்றால் ருசி கெடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குறுகிய இரைப்பைக்கு அந்தப் பழக்கம் ஆகாது. விழுங்கிய உருண்டை வாயிலில் அடைத்து, நெஞ்சுக்குழியில் வலியும் எச்சில் ஊறலும் வாந்தியும் வரும். குழைந்து ஒட்டும் சோறு, இடியாப்பம் போன்ற சந்தகை, பரோட்டா, பன் ஆகியவையும் முதல் சில மாதங்களில் இதையே செய்யும். கம்மங்கூழின் கதை நேர்மாறானது. அது எங்கும் அடைக்காது. வழுக்கிக்கொண்டு இறங்குவதால் வயிறு நிறைந்த உணர்வைத் தராமலே ஒரு சொம்பு உள்ளே போய்விடும். எடை நின்றுபோன பின், அல்லது மெல்ல ஏறத் தொடங்கும்போது, உணவு ஆலோசகர்கள் தேட வேண்டியது இப்படி எளிதில் இறங்கும் பண்டங்களைத்தான்.

ரசம் சோறு, மோர் சோறு விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. நீரோடு சேர்ந்த சோறு இரைப்பையில் தங்காது. அதனால்தான் உணவுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் நீராகாரம் வேண்டாம் என்கிறார்கள். மாற்றிக்கொள்ள எளிதான இன்னொன்று உண்ணும் வரிசை: முட்டை, நாட்டுக்கோழிச் சாற்றில் வெந்த கறி, பச்சைப்பயறுக் கடைசல் என்று புரதம் முதலில், பொரியல் அடுத்து, சோறு கடைசியில். அரிசிம்பருப்புச் சோறு இந்த வகையில் நல்ல கைமுதல். பருப்பின் பங்கைக் கூட்டி, அரிசியைக் குறைத்து, நன்றாக வேகவிட்டால் மெதுவான உணவுக் கட்டத்துக்கே பொருந்தும். கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருந்தாலும் மாவுச்சத்தும் 57 கிராம் உண்டு. கொள்ளைக் கொழுப்புக் கரைப்பானாகக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

டம்பிங்

சர்க்கரை மிகுந்த உணவு ஒரேயடியாகச் சிறுகுடலில் விழும்போது, அதை நீர்த்துப்போகச் செய்ய உடல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. உண்ட 10 முதல் 30 நிமிடங்களில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், வயிற்றுப்போக்கு, படுத்தால் போதும் என்ற அசதி எல்லாம் வரும். இது முந்தைய டம்பிங். பிந்தையது ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது: சர்க்கரை வேகமாக ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை கீழே சரிந்து, கை நடுக்கமும் கண் இருட்டலும் உண்டாகும். பைபாஸ் செய்த சிலருக்கு இது கடுமையாக வருவதை மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் ஆறு நோயாளிகளை வைத்து விவரித்தார்கள்.

கொங்கு நாட்டில் இதற்கான வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. தெளுவில் (பதநீரில்) நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை; கரும்புச் சாறு இன்னும் கூடுதல். பேக்கரித் தேங்காய் பன், கல்யாண வீட்டு ஒப்புட்டு, கோவையின் அடையாளமாகிவிட்ட மைசூர்பா எல்லாம் அந்த வரிசைதான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லவை என்ற நம்பிக்கையை இந்தக் குடல் மதிப்பதில்லை. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இதே கோவையில் இருப்பதும், அங்கே பிறந்த 'கோ' ரகங்கள் பல நாடுகளின் வயல்களில் நின்றதும் ஊருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைக் கோப்பையில் கலக்கிக் குடிக்க வேண்டியதில்லை.

பிந்தைய டம்பிங்கில் சர்க்கரை சரிந்தால் குளுக்கோஸ் கொடுத்து மீட்டாக வேண்டும். மீண்டதும் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ உண்ணாவிட்டால், கொடுத்த குளுக்கோஸே அடுத்த சரிவைக் கொண்டுவரும். அடிக்கடி வந்தால் அகார்போஸ் போன்ற, மாவுச்சத்து உடையும் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் தருவார்.

வாந்தியும் தயமினும்

மாவுச்சத்தை உடல் எரிப்பதற்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் தேவை. உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே வரும். அடைப்பால் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குள் பெரிபெரியோ, கண் அசைவு பிசகி நடை தள்ளாடி மனம் குழம்பும் வெர்னிக்கே நோயோ வரலாம். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஆகவே பக்கத்து ஊர்க் கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில்" ஏற்றிக்கொள்ளும் முன், அறுவை சிகிச்சை ஆனதைச் சொல்வது கட்டாயம்.

பெரிபெரியின் வரலாற்றில் கொங்குக்கு மிக அருகிலுள்ள ஓர் ஊருக்குப் பெரிய இடம் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இந்த நோயை ஆராயத்தான் ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ணும் வட கடலோர ஆந்திரத்தில் பெரிபெரி இருப்பதையும், புழுங்கலரிசி உண்பவர்கள் தப்புவதையும் விளக்கினார். நெல்லை வேகவைக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோவைப் பக்கத்துச் சமையலறைகளில் இன்றும் புழுங்கலரிசியே அதிகம். ஆனால் நாளுக்கு ஒரு கைப்பிடி சோறு உண்பவரை அது காக்காது; வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுதும் வேண்டும்.

அடியோடு விடுவதன் ஆபத்து

நீரிழிவு உள்ளவர்கள் மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் 'கிளிஃப்ளோசின்' வகை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து உண்டு: இரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் அமிலம் பெருகலாம். எனவே அறுவைக்குச் சில நாட்கள் முன்பே அவற்றை நிறுத்துகிறார்கள். மீண்டும் தொடங்குவதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கருவுற்ற பெண்கள்

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய 2007இல் அரசாணை வெளியிட்ட மாநிலம் தமிழ்நாடு. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சி அதன் பின்னணியில் இருந்தது. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். பைபாஸ் செய்துகொண்ட பெண்ணுக்கு அந்தக் கரைசலே கடும் டம்பிங்கைத் தூண்டக்கூடும். வரும் எண்ணையும் நம்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால், கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரங்களுக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் விரல் நுனி இரத்தத்தைக் கருவியில் பார்த்து எழுதிவரச் சொல்லலாம்.