மோட்டார்க் கார்த் திறப்பு: ஒரு வரலாற்று நோக்கு

பொருளொன்றை உடைமையாகக் கொண்டவன் அதனைத் திறந்து பார்க்கவும் பழுது நீக்கவும் உரியவன் என்பது நெடுங்காலமாக வினாவுக்கு இடமில்லாத வழக்காக இருந்து வந்தது. அவ்வழக்கு எவ்வாறு சுருங்கியது என்பதை அறியப் பெரும் பொறிகளை ஆராய வேண்டியதில்லை. கார்ச் சொந்தக்காரனின் சட்டைப்பையிற் கிடக்கும் திறப்பே போதிய சான்றாகும்.

திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் இயங்கத் தொடங்கும் முறையை 1949 இல் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் புகுத்தியது. அக்காலத்துத் திறப்பு பற்கள் வெட்டப்பட்ட உலோகத் துண்டேயன்றி வேறில்லை. அது தொலைந்தாலும் தேய்ந்தாலும் அரம் பிடிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவன் இன்னொன்றை ஆக்கிவிடுவான். அதன் இரகசியம் முழுவதும் கண்ணுக்குப் புலப்படுவதாகவே இருந்தது.

இந்நிலை 1980 களில் மாறலாயிற்று. பிரான்சில் 1982 இல் றெனோல்ட் ஃபியூகோ கார், தொலைவிலிருந்து செங்கீழ்க் கதிரினாற் கதவைத் திறக்கும் கருவியுடன் வெளிவந்தது. அதனை உருவாக்கிய போல் லிப்ஷுட்ஸ் என்பவரின் பெயரையொட்டியே பிரெஞ்சு மொழியில் 'பிளிப்' என்னும் சொல் வழங்கலாயிற்று. அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் கோர்வெற் காருக்குரிய திறப்பிலே சிறு மின்தடையி ஒன்று பதிக்கப்பட்டது. தடையின் அளவு பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. ஆயினும் பயன்படுத்தப்பட்ட பெறுமானங்கள் 15 மாத்திரமே. மின்தடையை அளக்கும் ஓம்மானி ஒன்றை வைத்திருந்த எவரும் அவ்விரகசியத்தை அறிந்துகொள்ளலாம். இரகசியம் கண்ணை விட்டு அகன்றதெனினும் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது எனலாம்.

வானொலி அலையைப் பயன்படுத்திய றிமோட் திறப்புகள் பெருகியபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. ஒரே குறியீட்டை எந்நாளும் அனுப்பும் கருவியின் ஒலிபரப்பைத் திருடன் பதிவுசெய்து மீள ஒலிபரப்பக்கூடும். இதற்கு மாற்றாகவே ஒவ்வொரு அழுத்தத்திற்கும் குறியீடு மாறும் முறை எழுந்தது. அவற்றுட் பெயர்பெற்ற 'கீலொக்' முறை 1980 களில் தென்னாபிரிக்காவில் உருவாகி, 1995 இல் அமெரிக்க நிறுவனமான மைக்ரோசிப்பின் கைக்கு மாறியது. அம்முறையில் வாகனம் அடுத்துவரும் 16 குறியீடுகள் வரை ஏற்றுக்கொள்ளும். குழந்தையொன்று தொலைவிலிருந்து பொத்தானைப் பலமுறை அழுத்தி விளையாடி அவ்வெல்லை கடந்துவிட்டால், காரின் அருகில் நின்று இருமுறை அடுத்தடுத்து அழுத்த வேண்டியிருக்கும். பழுதென்று கருதப்படுபவற்றுட் சில இத்தகையனவே.

1990 களில் திறப்பின் தலைக்குள் இன்னொரு சில்லும் குடியேறியது. அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. எரிபற்றற் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்து சத்தியைப் பெற்று அது மறுமொழி கூறும். மறுமொழி பிழைத்தால் எஞ்சின் இயங்காது. ஐரோப்பிய விதிகளின் விளைவாக 1998 ஒக்ரோபர் முதல் பிரித்தானியாவில் விற்பனையான புதிய கார்களுக்கு இத்தகைய தடுப்பு முறை கட்டாயமாயிற்று.

இவ்வாறு ஒரே உறைக்குள் இரு வேறு கருவிகள் அமைந்தமையை உணராதார் வீட்டில் மேற்கொள்ளும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் இடர்ப்படுவதைக் காணலாம். உறையின் பொருத்தில் நாணயக்குற்றியையோ தட்டையான திருகாணி முடுக்கியையோ செருகித் திருப்ப, அது இரண்டாகப் பிரியும். உள்ளே பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்புமுடைய மூன்று வோல்ற்று மின்கலம் இருக்கும். மின்கலத்தை மாற்றியும் பயனில்லையாயின், அதனைப் பற்றியிருக்கும் உலோக நாக்கு தளர்ந்திருக்கலாம். றப்பர்ப் பொத்தானின் அடியிலுள்ள காபன் பூச்சு அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கலாம். அடிக்கடி அழுத்தப்படும் ஆளியின் பற்றாசு வெடித்திருக்கலாம். மதுசாரத்திற் தோய்ந்த பஞ்சும், நுனி கூரிய பற்றாசுக் கோலும், சிறிது பொறுமையும் இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும். உறை உடைந்தவர் புதிய வெற்றுறை ஒன்றை வாங்கி, மின்சுற்றுப் பலகையை அதற்குள் மாற்றுவதும் உண்டு. அப்போதுதான் பெருந்தவறு நிகழ்கிறது. பல திறப்புகளில் அம்மின்கலமற்ற சில்லு பலகையில் இருப்பதில்லை. கண்ணாடிக் குழாயாகவோ கரிய சிறு ஆப்பாகவோ உறையின் மூலையில் ஒட்டியிருக்கும். பழைய உறையைக் குப்பையில் எறிந்தவர் அதனையும் எறிந்துவிடுகிறார். கதவு திறக்கும்; எஞ்சின் அசையாது.

எறிந்த அச்சில்லை ஈடுசெய்வது வீட்டாரின் கைத்திறனுக்கு உட்பட்டதன்று. புதிய சில்லை வாகனத்திற்கு அறிமுகப்படுத்த வேண்டும். சில அமெரிக்கக் கார்களில், ஏற்கெனவே ஏற்கப்பட்ட இரு திறப்புகளை வைத்திருப்பவர் மூன்றாவதைத் தாமே சேர்க்கலாம். ஏனைய பலவற்றில் உற்பத்தியாளரின் கணினியையும் அனுமதியையும் நாடியே ஆகவேண்டும். இக்கட்டுப்பாட்டுக்குக் கூறப்படும் நியாயம் களவுத் தடுப்பாகும். அது புறக்கணிக்கத்தக்க நியாயமன்று. ஆயினும் மறைத்து வைத்தலே காப்பாகிவிடும் என்னும் நம்பிக்கை வரலாற்றில் மீண்டும் மீண்டும் பொய்த்துள்ளது. 1851 இல் இலண்டன் மாநகரில் அல்பிரட் ஹொப்ஸ் திறக்கவொண்ணாதெனப் புகழப்பட்ட பிரமா பூட்டைத் திறந்து காட்டினார். 2008 இல் யேர்மனியின் போகும் நகர ஆய்வாளர்கள், கருவி நுகரும் மின்சத்தியை அளந்தே கீலொக்கின் இரகசியத்தை வெளிக்கொணர்ந்தனர். வேறொரு கார்ச் சில்லின் குறைபாட்டை ஆராய்ந்த அறிஞரின் கட்டுரைக்கு 2013 இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அக்கட்டுரை 2015 இலேயே வெளிவந்தது. குறைபாடுடைய சில்லுகளோ அவ்விரண்டு ஆண்டுகளும் தெருக்களில் ஓடிய கார்களிலேயே இருந்தன.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாகனப் பழுதுபார்ப்பு உரிமைக்குப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். அதன்வழி வந்த 2013 ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனை முகவர்களுக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல்களைச் சொந்தக்காரருக்கும் ஏனைய தொழிலாளருக்கும் வழங்குமாறு உற்பத்தியாளரைப் பணித்தது. ஆயினும் எஞ்சின் தடுப்பு முறைக்குரிய தகவல்களை அப்பொது ஏற்பாட்டிலிருந்து விலக்கிவைக்க அது இடமளித்தது. அவை சரிபார்க்கப்பட்ட தொழிலாளருக்குத் தனிவழியாகக் கிடைக்கும். எஞ்சினையும் தடுப்பானையும் பற்றிக் கேட்டறியும் உரிமையைப் பெற்ற சொந்தக்காரன், தன் திறப்பைப் பற்றி மாத்திரம் இன்னொருவன் வாயிலாகவே கேட்க வேண்டியவனானான்.